எத்தனை சென்ட் மழை?

என் தங்கை மகன் எங்களோடு தங்க வடகவுஞ்சிக்கு வந்தபோது அவனுக்கு வயது பதினான்கு. மதுரையில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றுபோயிருந்தது. படிப்பில் குறை ஒன்றும் இல்லை. கணக்கில் எப்போதும் முன்னால் நிற்பான். மணிச் சத்தம், இடைவேளை இரைச்சல், தோளில் கைபோட்டு இழுக்கும் பையன்கள் என்று ஒவ்வொரு நாளும் அவனைப் படுத்தியெடுத்தது. அவனுக்கு நான்கு வயதாக இருக்கும்போதே ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "கொஞ்ச நாள் மலையில இருக்கட்டும்க்கா" என்றாள் தங்கை. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காபி, மிளகு, மலைவாழை போட்ட தோட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. அனுப்பி வை என்று சொன்னேன்.

அவனோடு ஒரு ஃபைலும் வந்தது. நகரத்துப் பயிற்சி மையம் ஒன்று எழுதிக்கொடுத்த பட்டியல் அதில் இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், புன்னகைக்க வேண்டும், கை குலுக்க வேண்டும், 'ஹாய்' சொல்ல வேண்டும், பேசும்போது கையை ஆட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வருடங்களாக இதைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பட்டியலைப் படித்துவிட்டு வாசலில் வந்து நின்று ஊரைப் பார்த்தேன். பழனியிலிருந்து வரதமாநதி அணையைத் தாண்டிக் கொடைக்கானலுக்கு ஏறுகிற பாதையில், பெருமாள்மலைக்கு முன்னால் வரும் ஊர் இது. பதினான்கு வயதுப் பையன் ஒரு பெரியவரின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றால் இங்கே "என்னடா முறைக்கிற?" என்பார்கள். கை குலுக்குவது பேங்க் மேனேஜர் வந்தால் மட்டும்தான். யாரோ எங்கோ அவர்கள் ஊர்ப் பழக்கத்துக்கு எழுதியதை இந்தப் பிள்ளை பத்து வருடம் மனப்பாடம் செய்திருக்கிறான்.

நான் வேறு கணக்கு போட்டேன். இவன் இந்த ஊரில் நிம்மதியாக நடமாட என்னென்ன வேண்டும்? கடையில் சாமான் கேட்கத் தெரிய வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கத் தெரிய வேண்டும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். பிடிக்காததை வேண்டாம் என்று மறுக்க வேண்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் ஒரு 'வாங்க' சொல்லிவிட்டு, விருப்பமில்லை என்றால் உள்ளே போய்விடலாம். சந்தோஷம் வந்தால் விரல்களை முகத்துக்கு முன்னால் படபடவென்று ஆட்டுவானே, அதை யாரும் தடுக்கக் கூடாது. அது யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. எதைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தாலும் முதலில் என்னையே கேட்டுக்கொள்வேன்: இது அவனுக்கு உதவப்போகிறதா, பக்கத்தில் நிற்கும் நமக்குக் கூச்சம் தெளியப்போகிறதா?

முறை என்று பார்த்தால், எனக்குக் கைகொடுத்தது கேரல் கிரே என்கிற அமெரிக்க ஆசிரியை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதை'. ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதைப் பிள்ளையே சொல்வதுபோல் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதித் தர வேண்டும். கட்டளை குறைவாகவும் விவரம் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாள் வைத்த நிபந்தனை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வடகவுஞ்சியையே எழுத ஆரம்பித்தேன். டீக்கடைப் பக்கம் இப்படி இருந்தது:

"டீக்கடையில் நிறையப் பேர் இருப்பார்கள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுவதும் உண்டு. டீ ஆற்றும் சத்தம் கேட்கும். கடைக்காரர் 'என்ன தம்பி, சாப்டியா?' என்பார். நான் சாப்பிட்ட கணக்கு அவருக்குத் தேவை இல்லை. என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்; அதை இப்படிச் சொல்கிறார். 'சாப்டேண்ணே, நீங்க?' என்று நான் சொல்லலாம். பேசப் பிடிக்காத நாளில் தலையை ஆட்டலாம். அதுவும் பதில்தான்."

நோட்டில் எழுதினால் போதாது, டீக்கடைக்கும் சொல்ல வேண்டும். கடைக்காரரிடம் போய், "அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்கன்னா, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அதுக்குள்ள மறுபடி கேட்டா, அவனுக்கு அது புதுக் கேள்வி, முதல்ல இருந்து யோசிக்கணும்" என்றேன். "அஞ்சு என்ன டீச்சர், பத்தே எண்ணிர்றேன்" என்றார். சொன்னபடி செய்தார். அவனுடைய கண்ணாடி டம்ளரைப் பலகையின் இடது ஓரத்தில் வைப்பார், என்றைக்கும் அதே இடம். பஸ் கண்டக்டர்களில் ஒருவர் இவனைப் பார்த்ததும் டிக்கெட் புத்தகத்தைக் கையில் தட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார். 'பழனி ஒண்ணு' என்ற இரண்டு சொல் வர நேரமாகும்; அவர் வேறு பக்கம் பார்த்தபடி காத்திருப்பார். இவர்கள் யாரும் ஆட்டிசம் பற்றி ஒரு வரி படித்தவர்கள் இல்லை.

தானே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, மற்றவருக்கும் அவர் மனம் புரிவதில்லையே. புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது பயிற்சி மட்டும் ஏன் ஒரு பக்கத்துக்கு என்பதுதான் சாரம். அதைப் படித்தபோது எனக்கு அந்த டீக்கடைக்காரரும் கண்டக்டரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

உறவுமுறை வைத்துக் கூப்பிடுவதில் அவனுக்கு நியாயமான சந்தேகம் இருந்தது. "அவர் எங்க அப்பாவோட தம்பி இல்ல. எப்படி சித்தப்பா?" என்பான். யார் யாருக்கு எந்த முறை என்ற ஊர் விவகாரம் எனக்கே முழுதாகப் பிடிபடாது. அண்ணே, அக்கா, ஐயா, பாட்டி என்று நான்கோடு நிறுத்திக்கொண்டோம். நீ, நீங்க வேறுபாட்டில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான்: எல்லோரும் நீங்கதான். பால்வாடிப் பிள்ளைகளும் நீங்க, எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியும் நீங்க. திருத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்வது ஒன்று. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்வது வேறு. பதின்பருவத்தில் அதுதான் பெரிய மலை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன் குழுவினர் இந்த வயதுப் பிள்ளைகளுக்காகவே 'பியர்ஸ்' என்றொரு பயிற்சி அமைத்திருக்கிறார்கள். பெற்றோரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பேச்சில் சேர்வதற்கு அவர்கள் சொல்லும் வழி: முதலில் தள்ளி நின்று கேள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடி, இடைவெளி விழும்வரை காத்திரு, அதே விஷயத்தில் ஒன்று சொல். வழி சரிதான். ஆனால் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பேசும் கல்யாணம், கட்சி, கடன் எதுவும் அவனுக்குப் பிடிபடாது.

மழை பிடிபட்டது. எங்கள் தோட்டத்தில் ஒரு மழைமானி உண்டு. வந்த சில வாரங்களில் அதை அவன் எடுத்துக்கொண்டான். வானிலைத் துறை கணக்கெடுக்கும் காலை 8.30 மணிக்கு, அதே நிமிடத்தில், குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து எழுதுவான். காபித் தோட்டக்காரர்களில் பழைய ஆட்கள் இன்றும் மழையை இஞ்ச், சென்ட் என்றுதான் சொல்வார்கள். நூறு சென்ட் ஒரு இஞ்ச். மார்ச், ஏப்ரலில் விழும் பூ மழை ஒரு இஞ்சாவது இருந்தால்தான் காபி மொட்டு ஒழுங்காக விரியும். விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. குறைவாக விழுந்தால் மொட்டு பாதியில் கருகும். ஆகவே அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊர்ப் பெஞ்சுகளில் வேறு பேச்சே கிடையாது.

ஒரு ஏப்ரல் காலையில் அவன் டீ குடித்துக்கொண்டு நிற்க, மேல்தோட்டத்துப் பெரியவர் யாரையோ பார்த்து, "நேத்து எத்தனை சென்ட் இருக்கும்?" என்று கேட்டார். ஒருவர் எண்பது என்றார், ஒருவர் ஒன்றரை இஞ்ச் என்றார். பேச்சு ஓய்ந்தது. இவன் டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "நூத்திப் பன்னெண்டு சென்ட். இருபத்தெட்டுப் புள்ளி நாலு மில்லிமீட்டர்" என்றான். பெரியவர் திரும்பிப் பார்த்து, "அளந்தியா?" என்றார். "எட்டரை மணிக்கு." பிறகு கொஞ்ச நேரம் மௌனம். நான் கடைக்கு வெளியே நின்று, வாய் திறக்காமல் இருக்க என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டேன். அவன் விரல்கள் ஒருமுறை படபடத்தன. "உங்க பக்கம் எத்தனை சென்ட் மழை, ஐயா?" என்றான். திருப்பிக் கேட்பதை நோட்டில் எழுதியிருந்தோம். ஆனால் அன்றைக்கு அவன் கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. மேல்தோட்டம் இன்னும் உயரத்தில் இருக்கிறது. அங்கே மழை வேறு மாதிரி விழும். அந்தக் கணக்கு அவனுக்கு வேண்டியிருந்தது. பெரியவர் மறுவாரமே ஒரு மழைமானி வாங்கிவிட்டார். இன்றுவரை இருவருக்கும் அது தீராத பேச்சு.

இனி எழுதப்போவது வீடுகளில் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற விஷயம்.

நவம்பரில் காபிப் பழம் எடுக்கப் பெண்கள் வருவார்கள். கண்ணாடி வளையல் சத்தம் என்றால் அவனுக்கு உயிர். சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போது ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்து வளையலை உருட்டுவான். சிரித்துக்கொண்டு கையை நீட்டுவார்கள். பதினைந்து வயதில் மீசை அரும்பி, குரல் உடைந்து, என்னைவிட உயரமாகிவிட்ட பிறகும் அதே ஆசை, அதே ஓட்டம். கை அதேதான், ஊர் பார்க்கும் பார்வை ஒரே வருடத்தில் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அவனிடம் யாராவது சொன்னால்தானே தெரியும்? பல வீடுகளில் சொல்வதில்லை. அடி விழுந்த பிறகு, அல்லது போலீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

எங்களிடம் பல வருடமாக வேலைக்கு வரும் ஓர் அம்மாள் நான் சொல்வதற்கு முன்பே அதைச் சொன்னார். இவன் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது கூடையை இடுப்பிலிருந்து இறக்கி இருவருக்கும் நடுவில் வைத்தார். "தம்பி, நீ இப்ப பெரிய ஆளு. பொம்பளைங்கள தொடக் கூடாது. வளவிச் சத்தம் வேணும்னா கேளு, நான் இங்கேருந்தே ஆட்டுறேன்" என்றார். குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. சொன்னபடி கையைத் தூக்கி ஆட்டினார். அவன் கூடைக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டான். மூன்று வாக்கியம், எது கூடாது, ஏன் கூடாது, பதிலுக்கு என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருந்தன. நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். கூடை ஒன்று நடுவில் இருக்கும் தூரம் என்பது வீட்டில் எங்கள் அளவாயிற்று. பழனி அடிவாரத்தில் கண்ணாடி வளையல் வாங்கி, கயிற்றில் கோத்து, அவன் அறை ஜன்னலில் கட்டிக்கொடுத்தேன்.

இதற்கு மறுபக்கம் உண்டு; அதுதான் எனக்கு அதிகக் கவலை. அவனை யாரும் தொடக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களையும் காக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் சட்டம் எட்டும். வருடக்கணக்கில் 'சொன்னதைச் செய், செய்தால் மிட்டாய்' என்று பழக்கிய பிள்ளை யார் சொன்னாலும் செய்யும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நாம் தரும் பயிற்சியில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அதனால் மறுப்பதற்குப் பயிற்சி கொடுத்தேன். வீட்டில் அவன் 'வேணாம்' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. உப்புமா வேணாம் என்றால் வைக்க மாட்டேன். வந்த உறவினர் கன்னத்தைக் கிள்ள வரும்போது வேணாம் என்றால், அவர் முகம் கோணினாலும், கிள்ள விட மாட்டேன். மரியாதை தெரியாத பையன் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும்.

ரோட்டோர நிழற்குடையில் உட்காரும் பையன்கள் சிலர் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லச் சொல்லி ஒரு வேன் டிரைவரிடம் அனுப்பினார்கள். டிரைவர் அடிக்க இறங்கிவிட்டார். டீக்கடைக்காரர் ஓடிவந்து தடுத்தார். "அவங்க என் ஃபிரெண்ட்ஸ்" என்று வீட்டுக்கு வந்து அழுதான். அவர்களைத் திட்டுவதால் அவனுக்குப் பயன் இல்லை. ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொடுத்தேன்: "செய்யச் சொல்கிறவன் இதைத் தானே செய்வானா?" யாராவது ஒரு காரியம் செய்யச் சொன்னால் அவன் திருப்பிச் சொல்ல வேண்டிய பதிலும் அதிலிருந்தே வந்தது: "நீங்க முதல்ல செய்யுங்க." அதன் பிறகு அந்தப் பையன்கள் அவனை எதற்கும் அனுப்ப முடியவில்லை.

உண்மையான தோழமை அவனுக்கு வேறொரு இடத்தில் கிடைத்தது. எங்கள் தோட்டத்துக்கு மிளகு பறிக்க ஒரு பளியர் பழங்குடிப் பெரியவர் வருவார். இருவரும் மத்தியானம் ஒரே பாறையில் உட்காருவார்கள், முகம் பார்க்காமல், ஒரே திசை பார்த்து. கேள்வி கிடையாது, பதில் கிடையாது. சில நாள் பெரியவர் ஒரு இலையையோ தேனடைத் துண்டையோ நடுவில் வைப்பார், இவன் எடுத்துக்கொள்வான். 1960-களில் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் மிகக் குறைவாகவே பேசுவார்கள் என்றும் நாற்பது வயதுக்கு மேல் ஏறக்குறைய மௌனமாகிவிடுவார்கள் என்றும் 1966-ல் எழுதினார். ஓயாமல் பேசுகிறவரைத்தான் அவர்கள் விநோதமாகப் பார்ப்பார்களாம். ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. ஆக, இதே மலையில், நடந்துபோகும் தூரத்தில், என் தங்கை மகனைக் குறையுள்ளவன் என்று நினைக்கவே வேண்டியிராத நாகரிகம் ஒன்று காலங்காலமாக இருந்துவருகிறது. பத்து வருடப் பட்டியலில் இதற்கு ஓர் இடம் இல்லை.

எந்த விதிக்கும் விலக்கு இருக்கும்; அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கிருந்து கிளம்பினாலும் 'போய்ட்டு வரேன்' சொல்ல அவன் நன்றாகப் பழகியிருந்தான். டீக்கடைக்காரரின் தாயார் இறந்தபோது நானும் வருவேன் என்றான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே. புறப்படுவதற்கு முன் அதை எழுதிக் காட்டினேன். "ஏன்?" என்றான். "திரும்பி வரேன்னு சொன்னா, மறுபடி இப்படி ஒரு துக்கத்துக்கு வரேன்னு ஆகும்னு நினைப்பாங்க." யோசித்தான். "அப்ப சொல்லாம வர்றதுதான் அன்பு" என்றான். மேளச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்து, கடைக்காரர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பேசாமல் திரும்பினான்.

இப்படி ஒரு நாள் போனால் மறுநாள் முழுக்கக் காபிப் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் சாக்குகளுக்கு நடுவே படுத்திருப்பான். நமக்குத் தானாக வருவதை அவன் ஒவ்வொன்றாக யோசித்துச் செய்கிறான். அந்தக் களைப்பு உடம்பு வேலையைவிடக் கடுமை. அந்த ஓய்வைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த முறை அவன் வெளியே வர மாட்டான். கொட்டகைக் கதவை யாரும் தட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது அவனுக்குப் பத்தொன்பது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது முடித்தான். தோட்டத்தில் வாழைத்தார் எண்ணுவது, எடை பார்ப்பது, மண்டிக்குப் போன் செய்து விலை கேட்பது எல்லாம் அவன் பொறுப்பு. பதினெட்டு முடிந்ததும், காப்பாளர் நியமனத்துக்கு மனு போடுங்கள் என்று பலர் சொன்னார்கள். 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அதற்கு வழி உண்டு. தேவைப்படுகிற குடும்பங்கள் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் போடவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முடிவெடுப்பது அவர் உரிமை, துணை நிற்பது மற்றவர் வேலை என்ற பக்கம் சாய்கிறது. எங்களுக்கு அது சரியாகப் பட்டது. அவன் கையெழுத்தை அவன்தான் போடுகிறான். கல்யாண மண்டபம் இன்னும் முடியாது. ஒலிபெருக்கி முடியாது. ஒருவர் கோபமாக இருக்கிறாரா, களைப்பாக இருக்கிறாரா என்பது இன்னும் குழப்பம்தான், "நீங்க கோபமா இருக்கீங்களா?" என்று நேரே கேட்டுவிடுவான். கேட்டால் சொல்லிவிடலாம், அதில் என்ன கஷ்டம்?

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதன் தாயிடம் "எப்போ சரியாகும்?" என்று கேட்காதீர்கள். பிள்ளையிடமே நேரடியாக ஒன்றைக் கேளுங்கள். பதில் வரும்வரை நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.